சீனர்களுக்கே தெரியாத ‘சீன’ பிஸ்கட்

சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி என் கையிலிருந்த சிவப்புப் பெட்டியைத் திறந்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டார். இரண்டு முறை மென்றபின் முகம் மாறியது. வாயிலிருந்து நனைந்த காகிதத் துண்டு ஒன்றை வெளியே இழுத்து, என் பாட்டியைப் பார்த்து, “காக்கா, ஆப்பா இனி? கெர்த்தாஸ்!” என்றார்.

இது என்ன, காகிதமா இருக்கிறதே என்று அர்த்தம். ‘காக்கா’ என்பது மலாயில் அக்கா. சின்ன வயதில் ஆன்ட்டி பாட்டியைக் காக்கை என்று திட்டுவதாக நினைத்து அழுதிருக்கிறேன் என்று அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

நான் கொண்டுபோனது ஃபார்ச்சூன் குக்கி. மடித்த பிறை வடிவ பிஸ்கட். உடைத்தால் உள்ளே ஒரு வரி வாழ்த்தோ ஆரூடமோ எழுதிய சீட்டு இருக்கும். துணைப்பாட வகுப்பு எடுத்துச் சம்பாதித்த பணத்தில், முதன்முறையாக என் சார்பில் ஆன்ட்டிக்கு ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டேன். பேரங்காடியில் ஆரஞ்சுப் பழங்களுக்கும் அன்னாசிப் பழ டார்ட்டுகளுக்கும் பக்கத்தில் சிவப்பும் தங்கமுமாக இந்தப் பெட்டி இருந்தது. ‘ஆகா, சீனப் பலகாரம்’ என்று யோசிக்காமல் எடுத்துவிட்டேன்.

ஆன்ட்டியின் பேரன் என்னைவிட மூன்று வயது மூத்தவர். சோபாவில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். “இது அமெரிக்காக்காரங்க சாப்பிடறது. நாங்க படத்துலதான் பார்த்திருக்கோம்,” என்றார் ஆங்கிலத்தில். எனக்குக் காது சூடாகிவிட்டது.

நானும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அமெரிக்கத் தொடர்களில் சீன உணவகத்தில் சாப்பிட்டு முடித்ததும் ரசீதோடு இந்தக் குக்கி வரும். கதாநாயகன் உடைத்துப் படிப்பான். அடுத்த காட்சியில் அது பலிக்கும். ஆனால் இருபது ஆண்டுகளாக நான் சிங்கப்பூரில் சீனர்களோடு வாழ்கிறேன். ஒன்பதாம் மாடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி ஆன்ட்டி வீடு. சீனத் தோழியின் அக்கா திருமண விருந்தில் எட்டு வகை உணவும் சாப்பிட்டிருக்கிறேன். காப்பிக்கடைகளில் எத்தனையோ இரவு உணவு. எங்கும் ஒரு ஃபார்ச்சூன் குக்கியைக் கண்டதில்லை. கண்ணால் பார்த்த இருபது ஆண்டுகளைவிடத் திரையில் பார்த்த இருபது நிமிடத்தை என் மூளை நம்பியிருக்கிறது.

இதில் எனக்கு இன்னொரு வெட்கமும் உண்டு. இதே தவற்றைப் பிறர் என்னிடம் செய்யும்போது நான் கோபப்படுகிறவள். “உங்க வீட்டுல தினமும் நானும் பட்டர் சிக்கனுமா?” என்று கேட்ட வகுப்புத் தோழனிடம், இட்லி தோசையைப் பற்றிப் பத்து நிமிடம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஹோலிக்கு எனக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பியவர்களின் பட்டியல் மனத்தில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைக் கேட்காமல் பாலிவுட்டைக் கேட்கிறார்களே என்ற ஆதங்கம். அன்று நான் செய்தது அதுவேதான்.

வீட்டுக்கு வந்து இந்தக் குக்கியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அது அமெரிக்காவிலும் தோன்றவில்லை என்று தெரிந்தது. ஜப்பானின் கியோத்தோ நகரில், ஃபுஷிமி இனாரி கோயில் பக்கத்துக் கடைகளில் ‘சுஜியுரா செம்பே’ என்ற பிஸ்கட் தலைமுறைகளாகச் செய்யப்படுகிறது. உருவம் அதேதான், ஆனால் பெரியது, நிறம் கருத்தது. எள்ளும் மிசோவும் சேர்ப்பார்கள். சீட்டு உள்ளே இருக்காது, வெளிப்பக்க மடிப்பில் செருகியிருக்கும். (ஆன்ட்டிக்கு அதைக் கொடுத்திருந்தால் காகிதத்தைச் சாப்பிட்டிருக்க மாட்டார்.) ஜப்பானிய ஆய்வாளர் யாசுகோ நாகாமாச்சி பல ஆண்டுகள் தேடி, 1878ஆம் ஆண்டு நூல் ஒன்றில் ஒருவர் இந்த பிஸ்கட்டைச் சுடும் படத்தைக் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் இது தோன்றியதாகச் சொல்லப்படும் காலத்துக்கு அது பல ஆண்டுகள் முந்தியது.

ஜப்பானியக் குடியேறிகள் இதைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள். சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் ஜப்பானியத் தேநீர்த் தோட்டத்தைக் கவனித்துவந்த மக்கோத்தோ ஹகிவாரா, தேநீரோடு இதைக் கொடுத்தார். லாஸ் ஏஞ்சலிசில் நூடல்ஸ் நிறுவனம் நடத்திய சீனரான டேவிட் ஜங்தான் முதலில் செய்தார் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இரண்டு ஊர்களும் விடாமல் சண்டை போட்டு, 1983இல் சான்பிரான்சிஸ்கோவில் வேடிக்கையாக ஒரு வழக்குமன்றமே நடத்தி, சான்பிரான்சிஸ்கோவுக்கே தீர்ப்பு சொன்னார்கள். சொந்த ஊர் நடுவர் வேறு என்ன சொல்வார்?

வேடிக்கை அதோடு முடிகிறது. 1942 பிப்ரவரி 19இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அதன்படி ஏறத்தாழ 120,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு, கடை, தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்கக் குடிமக்கள். ஹகிவாராவின் குடும்பமும் அந்தத் தேநீர்த் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. ஜப்பானிய பேக்கரிகள் மூடிக் கிடந்தன. அந்த இடத்தைச் சீன அமெரிக்கர்களின் தொழிற்கூடங்கள் பிடித்தன. போர் முடிந்தபின் குக்கி ‘சீன’ குக்கியாக நாடெங்கும் பரவியது. இன்று நியூயார்க்கின் ‘வொன்டன் ஃபுட்’ நிறுவனம் மட்டுமே நாளொன்றுக்கு நாற்பது லட்சத்துக்கும் மேல் தயாரிக்கிறது. 1990களில் அதே நிறுவனம் சீனாவில் இதை விற்கப் பார்த்தது. எடுபடவில்லை. ஆன்ட்டியைப் போலத்தான் அங்கேயும் விழித்திருப்பார்கள்.

நாமே செய்து பார்த்தால் என்ன என்று அடுத்து தோன்றியது. கடையில் வாங்கியதை ஈடுகட்ட வேண்டும் என்ற ரோஷமும் இருந்தது.

மாவு மிக எளிது. இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, 80 கிராம் சீனி, 60 கிராம் கோதுமை மாவு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், கொஞ்சம் வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு. வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரைக்கும்வரை அடித்து, மற்றவற்றைக் கலந்தால் தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாக வரும். தட்டில் பேக்கிங் காகிதம் விரித்து, ஒரு கரண்டி மாவை உள்ளங்கை அகல வட்டமாகக் கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். தோசை ஊற்றத் தெரிந்த கைக்கு இது பிரச்சினையே இல்லை. 170 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம். ஓரம் பொன்னிறமாகவும் நடு வெளிறியும் இருக்கும்போது எடுத்துவிட வேண்டும்.

கதை அதற்குப் பிறகுதான். அடுப்பிலிருந்து எடுத்த பிஸ்கட் துணி மாதிரி வளையும். சீனி சூடாக இருக்கும்வரை அப்படித்தான். ஆறியதும் அது கண்ணாடி. கையில் இருப்பது பத்துப் பதினைந்து விநாடி. அதற்குள் புரட்டிப்போட்டு, நடுவில் சீட்டை வைத்து, பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்தைக் குவளையின் விளிம்பில் அழுத்தி இரண்டு முனைகளையும் கீழே இழுக்க வேண்டும். பிறகு விரியாமலிருக்க மஃபின் தட்டின் குழியில் உட்கார வைக்க வேண்டும். முதல் தடவை பேராசையில் ஆறு வட்டம் சுட்டேன். ஒன்றை மடிப்பதற்குள் மற்ற ஐந்தும் அப்பளம் ஆகிவிட்டன. ஒரு தடவைக்கு இரண்டுதான் சாத்தியம். விரல் நுனிகள் சிவந்து, பருத்திக் கையுறை தேடி, அதிலும் மாவு ஒட்டி, மூன்று மணி நேரத்தில் தேறியவை ஏழு. அந்த ஏழும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தன. வெற்றிலை மடித்ததுபோல் இருக்கிறது என்றார் பாட்டி.

அதைக் கொண்டுபோகலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் வந்து நின்றவர் ஆன்ட்டி. வாசனை வந்திருக்கிறது. அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தவர் என் போராட்டத்தைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு “செப்பாட், செப்பாட்” என்று என்னைத் தள்ளிவிட்டுத் தட்டின் முன்னால் நின்றார். செப்பாட் என்றால் சீக்கிரம். கையுறை வேண்டாம் என்றுவிட்டார். வட்டத்தைத் தூக்கினார், மடித்தார், குவளையில் ஒரு தட்டு. முடிந்தது. அடுத்தது. நான் ஒன்று செய்யும் நேரத்தில் அவர் மூன்று செய்தார்.

எப்படி என்று கேட்டேன். பாட்டி வழியாகப் பதில் வந்தது. ‘லவ் லெட்டர்’ பலகாரம் உங்களுக்குத் தெரியும். அரிசி மாவு, முட்டை, தேங்காய்ப்பால் சேர்த்துச் செய்யும் மெல்லிய பிஸ்கட். நீண்ட கைப்பிடி வைத்த இரும்பு அச்சில் மாவு ஊற்றி, கரி நெருப்பில் வாட்டி, எடுத்த கையோடு நான்காக மடிக்க வேண்டும் அல்லது சுருட்ட வேண்டும். ஆன்ட்டி ஏழு வயதிலிருந்து கம்பத்து வீட்டு முற்றத்தில் தன் அம்மாவோடு உட்கார்ந்து, புத்தாண்டுக்கு முந்திய வாரம் முழுவதும் மடித்தவர். விரலுக்குச் சூடு பழகிவிட்டது. கியோத்தோ கடைகளிலும் அதே மாதிரி நீண்ட கைப்பிடி இரும்பு அச்சில்தான் அந்த பிஸ்கட்டைச் சுடுகிறார்கள் என்று நான் படித்திருந்தேன். உற்சாகம் தாங்காமல் பாட்டியிடம், “சொல்லுங்க பாட்டி, இது உண்மையில் ஜப்பான்காரங்க பலகாரம்னு ஆன்ட்டிகிட்ட சொல்லுங்க,” என்றேன்.

பாட்டி சொன்னார். ஆன்ட்டியின் கை நின்றது. “ஜெப்புன் புன்யா?” என்று கேட்டார். ஜப்பான்காரனுடையதா?

அதன்பின் இருவரும் பேசிக்கொண்டதை நான் இங்கே முழுதாக எழுத முடியாது, பாதிதான் புரிந்தது. ஆன்ட்டியின் அப்பாவுடைய அண்ணன் 1942இல், சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த சில நாள்களில், சீன ஆண்களை வரிசையில் நிறுத்திச் சோதித்த இடத்துக்குப் போனவர். திரும்பி வரவில்லை. அவருடைய பெயரை வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் சொல்லி ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். பாட்டி பதிலுக்கு ஜோகூர் தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தன் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னார். எனக்கு அப்படி ஒரு தாத்தா இருந்தார் என்பதே அன்றுதான் தெரியும். இரண்டு பேரும் அழவில்லை. வட்டங்கள் தட்டிலேயே ஆறி உடைந்துபோயின. கொஞ்ச நேரம் கழித்து ஆன்ட்டி, “லாகி” என்று கைகாட்டினார். இன்னும் ஊற்று என்று பொருள்.

உயர்நிலைப்பள்ளியில் சூக் சிங் படுகொலையையும் மரண ரயில்பாதையையும் படித்திருக்கிறேன். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். இரண்டுக்கும் என் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஆள் இருந்தது தெரியாது.

நான் சொல்ல வருவது இதைத்தான். என் தலைமுறை இருமொழிக் கல்வியில் வளர்ந்தது. ஆங்கிலமும் தாய்மொழியும் நமக்குத் தெரியும், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பாட்டிக்கும் ஆன்ட்டிக்கும் நடுவில் ஓடிய மூன்றாவது மொழி ஒன்று இருந்தது. இலக்கணம் கிடையாது, தேர்வு கிடையாது, பாசார் மலாய் என்று சந்தையின் பெயரால் அழைக்கப்பட்டது. அதில் கோழி விலை பேசினார்கள், பிள்ளைப்பேறு பேசினார்கள், செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசினார்கள். பாட்டி ஒரு நாள்கூடப் பள்ளிக்குப் போகாதவர். ஆனால் நம் மாடித் தாழ்வாரத்தில் எல்லார் வீட்டுச் செய்தியும் அவருக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நான், அதே தாழ்வாரத்தில் மின்தூக்கிவரை நடந்து, ‘ஹாய் ஆன்ட்டி, பை ஆன்ட்டி’ என்ற நான்கு சொற்களில் இருபது ஆண்டுகளை ஓட்டியிருக்கிறேன்.

இப்போது எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியுமே, அது போதாதா என்று என் நண்பர்கள் கேட்டார்கள். நம் வயதுக்காரர்களுக்குள் போதும் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஆங்கிலம் வெறுங்கையோடு வருவதில்லை. அது தன் படங்களையும் தொடர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அவற்றில் சீனர் என்றால் ஃபார்ச்சூன் குக்கி, இந்தியர் என்றால் தலையாட்டலும் பட்டர் சிக்கனும். நாம் ஒருவரையொருவர் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை என்றால், அந்தப் படங்கள் நமக்காக அறிமுகம் செய்துவைத்துவிடும். பேரங்காடிக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை. வாங்குகிற ஆள் இருப்பதால்தானே அடுக்குகிறார்.

இன நல்லிணக்க நாள் இருக்கிறதே என்பது அடுத்த பதில். இருக்கிறது. 1964 ஜூலை 21இல் தொடங்கிய கலவரத்தை மறக்கக்கூடாது என்பதற்காக ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். பள்ளியில் நானும் சியோங்சாம் அணிந்து படம் எடுத்திருக்கிறேன். என் சீனத் தோழி புடவையில் தடுக்கி விழுந்தாள். அந்த நாளை நான் கேலி செய்யவில்லை. ஆனால் உடை மாற்றிக்கொள்வதற்கு அரை மணி நேரம் போதும், பேசிப் பழக அது போதாது. 1989இலிருந்து வீவக புளோக்குகளில் எல்லா இனத்தவரும் கலந்து வாழ ஒதுக்கீடு இருக்கிறது. கதவுகளை அருகருகே வைப்பதுவரை ஒரு கொள்கை செய்யும். மணியை நாம்தான் அழுத்த வேண்டும்.

எல்லாரும் மலாய் படியுங்கள் என்று நான் பிரசாரம் செய்யவில்லை. படித்தால் நல்லதுதான், மலாய் நம் தேசிய மொழி, தேசிய கீதத்தையே அதில்தான் பாடுகிறோம். நான் கேட்பது அதைவிடச் சின்னது. உங்கள் வீட்டில் பாசார் மலாய் பேசும் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அவர்கள் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியை வைத்துவிட்டுக் கூட உட்காருங்கள். புரியாவிட்டால் என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் இருவரில் ஒருவர் போய்விட்டால் அந்தப் பேச்சு முழுவதும் போய்விடும். எங்கள் மாடியில் அப்படிப் பேசக்கூடியவர்கள் இப்போது நான்கே பேர்.

சீட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தொழிற்கூடக் குக்கிகளில் வரும் வரிகள் யாருக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டவை. நல்ல செய்தி வருகிறது, பொறுமை பலன் தரும் என்கிற ரகம். சில சீட்டுகளில் ‘அதிர்ஷ்ட எண்கள்’ இருக்கும். 2005 மார்ச் மாதம் அமெரிக்காவின் பவர்பால் லாட்டரியில் ஒரே நேரத்தில் 110 பேருக்கு இரண்டாம் பரிசு விழுந்தது. மோசடியோ என்று அதிகாரிகள் பதறி விசாரித்தால், பெரும்பாலானோர் வொன்டன் ஃபுட் குக்கியில் வந்த எண்களை எழுதியிருந்தார்கள். இந்தக் கதையைச் சொன்னதும், அதுவரை சீட்டைச் சட்டை செய்யாத ஆன்ட்டி, எனக்கும் நான்கு எண் எழுதிப் போடு என்றார். நாலு நம்பர் கடைக்குக் குக்கியோடு போவார் என்று பயந்து மறுத்துவிட்டேன்.

போன சனிக்கிழமை மறுபடியும் செய்தோம். இந்தத் தடவை சீட்டில் என்ன எழுதுவது, எந்த மொழியில் எழுதுவது என்பது பெரிய சிக்கலாகிவிட்டது. பாட்டிக்குத் தமிழ் எழுத்து மட்டும் தட்டுத்தடுமாறித் தெரியும். ஆன்ட்டிக்குச் சீன எழுத்து கொஞ்சம். இருவருக்கும் பொதுவான மொழியை இருவருமே எழுதியதில்லை. கடைசியில் பாட்டி சொல்லச் சொல்ல, மலாய்ச் சொற்களைத் தமிழ் எழுத்தில் நான் எழுதினேன். ‘லூத்துட் ஜாங்கான் சாக்கிட்’ என்று ஒன்று. முட்டி வலிக்காமல் இருக்கட்டும். ‘சூச்சூ செப்பாட் காவின்’ என்று ஒன்று. பேரனுக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆகட்டும். அதைக் கேட்டுப் பேரன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆன்ட்டி உடைத்த குக்கியில் ‘பேசோக் டாத்தாங் மாக்கான்’ என்று வந்தது. நாளைக்குச் சாப்பிட வா. நான் படித்துக் காட்டினேன். என் உச்சரிப்பு தவறு என்று இரண்டு பேரும் சேர்ந்து திருத்தினார்கள். மறுநாள் மதியம் வந்தார். மீன் குழம்பு. மீதிக் குக்கிகள் டப்பா மூடி சரியாகப் பொருந்தாததால் ஈரக்காற்றில் நமுத்துப் போயிருந்தன. பரவாயில்லை என்று அதையும் மென்றுகொண்டே, தன் அம்மாவின் இரும்பு அச்சு இன்னும் சாமான் அறையில் துருப்பிடித்துக் கிடக்கிறது என்றார். தாழ்வாரத்தில் கரி அடுப்பு மூட்ட முடியாது, எரிவாயு அடுப்பில் வருமா என்று பார்க்க வேண்டும். துருவை எடுக்கும் வேலை எனக்கு.